ஜார்ஜ் சாந்த்: காதலர் பட்டியலும் எழுதுமேசையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவலாசிரியை ஜார்ஜ் சாந்த்தைப் பற்றிய அறிமுகக் குறிப்புகள் எந்த மொழியில் எழுதப்பட்டாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆணுடை தரித்துப் பாரீஸ் தெருக்களில் நடந்தார்; சுருட்டுப் புகைத்தார்; கவிஞர் ஆல்ஃபிரெத் த மியூசேயையும் இசையமைப்பாளர் ஷோப்பானையும் காதலித்தார். இவற்றுக்குப் பிறகு, இடமிருந்தால், நாவல்களும் எழுதினார் என்று ஒரு வரி வரும்.

அந்த ஒரு வரிக்குள் திணிக்கப்படுவது ஏறத்தாழ 70 நாவல்கள், 20-க்கும் மேற்பட்ட நாடகங்கள், மிகப் பெரிய ஒரு தன்வரலாறு, ழோர்ழ் லுபேன் பதிப்பித்து 1964 தொடங்கி 1995 வரை வெளிவந்த 26 தொகுதிக் கடிதங்கள். 1876-ல் அவர் மறைந்தபோது ருஷ்யாவில் தாஸ்தாயெவ்ஸ்கி தமது 'ஓர் எழுத்தாளனின் நாட்குறிப்பு' இதழில் மனம் நெகிழ்ந்து அஞ்சலி எழுதினார். மார்செல் ப்ரூஸ்டின் பெருநாவலின் தொடக்கத்தில், உறங்காமல் தவிக்கும் சிறுவனுக்கு அவனுடைய தாய் இரவில் வாசித்துக் காட்டும் புத்தகம் சாந்த் எழுதிய 'ஃபிரான்ஸுவா ல ஷாம்பி'. இத்தகைய ஒருவர் இரண்டு மேதைகளின் காதலியாகச் சுருங்கிப்போனது எப்படி என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சாந்த்தின் காதல்களைப் பேசவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. காதலையும் திருமணத்தையும் தவிர வேறு எதைப் பற்றியும் அவர் இவ்வளவு எழுதியதில்லை. தம் காலத்தில் எந்தப் பெண்ணும் துணியாத வகையில், பெரிதும் ஒளிவுமறைவின்றி, அவர் காதலித்தார் என்பதும் உண்மை. காதலை நீக்கிவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொன்னால் அதுவும் ஒரு பொய்யாகத்தான் இருக்கும். நாம் அதைச் சொல்லும் முறையில்தான் எனக்கு மனத்தாங்கல். பட்டியலாகச் சொல்லும்போது இரண்டு விஷயங்கள் காணாமற் போகின்றன. ஒன்று, அவர் வாழ்ந்த காலத்தின் சட்டம். மற்றது, இரவுதோறும் அவர் உட்கார்ந்து எழுதிய மேசை. இவை இரண்டையும் திரும்ப வைத்துப் பார்த்தால் பட்டியலின் வரிசையே மாறிவிடுகிறது. கடைசியில் ஒதுங்கி நிற்கும் ஒரு பெயர் முன்னுக்கு வந்துவிடுகிறது.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். அரோர் துப்பேன் என்ற இயற்பெயர் கொண்ட சாந்த் 1804-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி பாரீஸில் பிறந்தார். அதற்கு மூன்று மாதங்கள் முன்பு, அதே ஆண்டு மார்ச்சில், நெப்போலியனின் குடிமைச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருந்தது. கணவன் மனைவிக்குப் பாதுகாப்பு அளிக்க வேண்டும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று விதித்தது அந்தச் சட்டம். மணமான பெண் கணவனின் அனுமதியின்றி ஒப்பந்தம் செய்ய முடியாது. சொத்தை விற்க முடியாது. வழக்குத் தொடுக்க முடியாது. புரட்சிக் காலத்தில் கிடைத்திருந்த விவாகரத்து உரிமையும் 1816-ல் பறிக்கப்பட்டது. அது திரும்பக் கிடைத்தது 1884-ல். அப்போது சாந்த் இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய வயதுவந்த வாழ்க்கை முழுவதும் பிரான்ஸில் விவாகரத்து என்ற ஒன்றே கிடையாது.

பிறன்மனை உறவில் பிடிபட்ட மனைவிக்கு மூன்று மாதங்கள் முதல் இரண்டாண்டு வரை சிறை. கணவன் தன் வீட்டுக்குள்ளேயே ஆசைநாயகியை வைத்துக்கொண்டால் மட்டுமே குற்றம், அதற்கும் அபராதம்தான். இது ஏட்டளவில் இருந்த விதி என்று எண்ண வேண்டாம். 1845-ல் விக்தோர் யூகோ, லெயோனி பியார் என்ற மணமான பெண்ணுடன் இருக்கும்போது பிடிபட்டார். யூகோ பிரபுக்கள் சபை உறுப்பினர் என்பதால் விடுவிக்கப்பட்டார். லெயோனி, சேன்-லஸார் சிறைக்கு அனுப்பப்பட்டார். சாந்த்தின் ஒவ்வொரு காதலும் இந்தச் சிறையின் நிழலில் நடந்தது. யூகோவின் காதல்கள் அவருடைய வரலாற்றில் ஓரிரு அத்தியாயங்களாக அடங்கிவிடுகின்றன. அவரை யாரும் யாருடைய காதலராகவும் அறிமுகப்படுத்துவதில்லை.

சாந்த் பிறந்த குடும்பமே இரு துருவங்களின் கலப்பு. தந்தை வழியில் போலந்து அரசர் இரண்டாம் அகஸ்டஸின் முறைசாராப் புதல்வரான சாக்ஸ் தளபதியின் வம்சம். தாயோ பறவை விற்றவர் ஒருவரின் மகள். 1808-ல் தந்தை குதிரையிலிருந்து விழுந்து இறக்க, பெர்ரி பகுதியின் நொஆன் கிராமத்தில் பாட்டியின் மாளிகையில் வளர்ந்தார். 1821-ல் பாட்டி இறந்ததும் அந்தச் சொத்து பேத்திக்கு வந்தது. மறு ஆண்டே, 18 வயதில், கஸிமீர் துதவான் என்பவரை மணந்தார். நொஆன் இவருடையது, அதை ஆள்பவர் கணவர். மொரீஸ் என்ற மகனும் ஸொலான்ழ் என்ற மகளும் பிறந்தார்கள். கணவருக்கு வேட்டையும் குடியும் போதுமாயிருந்தன. மனைவிக்குப் புத்தகங்களும் பியானோவும் வேண்டியிருந்தன.

1830-ன் இறுதியில் கணவரின் மேசையில் தம் பெயருக்கு எழுதப்பட்ட ஓர் உறை அவர் கண்ணில் பட்டது. தன் மரணத்துக்குப் பிறகு பிரிக்க வேண்டும் என்று அதன்மேல் குறிப்பு. சாந்த் உடனே பிரித்தார். உள்ளே இருந்தது அவரைப் பற்றிய வசைகள். அவர் முன்வைத்த கோரிக்கை நடைமுறை சார்ந்தது: ஆண்டில் பாதி பாரீஸில் இருப்பேன், ஆண்டுக்கு 3000 ஃப்ராங்க் தர வேண்டும். தம் சொந்த எஸ்டேட்டின் வருமானத்திலிருந்து தமக்கே ஒரு படி கேட்டு வாங்க வேண்டிய நிலை அது. அதற்குள் ழூல் சாந்தோ என்ற இளம் எழுத்தாளருடன் காதல் அரும்பியிருந்தது. 1831 ஜனவரியில் பாரீஸுக்குப் போனார். காதலுக்காக வீட்டைவிட்டு ஓடினார் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. 3000 ஃப்ராங்கில் பாரீஸில் வாழ முடியாது என்பதால் ஏதாவதொரு தொழில் கற்றாக வேண்டும் என்று வந்த பெண் என்பது அதைவிடப் பொருத்தமான சித்திரம்.

ஆணுடையின் கதையும் இப்படித்தான். தன்வரலாற்றில் அவரே காரணங்களை அடுக்குகிறார். பெண்களின் மெல்லிய காலணிகள் பாரீஸ் கற்சாலைகளில் இரண்டே நாளில் தேய்ந்துபோயின. பட்டும் வெல்வெட்டும் சேற்றில் நாசமாயின. பெண்கள் உட்கார முடியாத மலிவான நாடகக் கொட்டகை இருக்கைகளுக்குப் போக வேண்டியிருந்தது. கணவருடைய வருமானத்தில் குடும்பம் நடத்தச் சிரமப்பட்ட இளமைக்காலத்தில் தானும் அப்படி உடுத்தியதுண்டு என்று தாயே யோசனை சொன்னார். சாம்பல் நிற மேலங்கி, கால்சட்டை, தொப்பி, இரும்பு லாடம் வைத்த பூட்ஸ். பெண்கள் கால்சட்டை அணியக் காவல்துறை அனுமதி பெற வேண்டும் என்ற 1800-ஆம் ஆண்டின் உத்தரவு அன்று நடப்பிலிருந்தது. அது செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சகம் முறைப்படி அறிவித்தது 2013-ல். நமக்கு ஒரு கலகச் சின்னமாகத் தெரியும் கால்சட்டையை அவர் செலவுக் கணக்கின் ஒரு பகுதியாகவே விவரிக்கிறார். ஏழைப் பத்திரிகையாளன் ஒருவனின் சிக்கனம் பெண்ணிடம் வந்தபோது அது விபரீதமாகப் பார்க்கப்பட்டது.

சாந்தோவுடன் சேர்ந்து எழுதிய 'ரோஸும் பிளான்ஷும்' நாவல் 1831-ல் 'ழூ. சாந்த்' என்ற பெயரில் வந்தது. காதலரின் பெயரில் பாதி. 1832-ல் 'இந்தியானா'வைத் தனியாக எழுதினார். பாதிப் பெயரை வைத்துக்கொண்டு முதலெழுத்தை மட்டும் மாற்றினார். மறு ஆண்டு சாந்தோவுடன் உறவு முறிந்தது. பெயர் மட்டும் தங்கியது. ழூல் சாந்தோவும் பின்னர் நாவலாசிரியராகி பிரெஞ்சு அகாதமி உறுப்பினரும் ஆனார். ஆனால் இன்று அவரை நினைப்பவர்கள் அந்தப் பாதிப் பெயருக்காகவே நினைக்கிறார்கள். மகனும் தாயின் புனைபெயரையே தன் பெயராக்கிக்கொண்டான். தந்தை, கணவன் வழியாக மட்டுமே பெண்ணுக்குப் பெயர் வந்த காலத்தில், ஒரு பெண் தானே சமைத்த பெயர் அடுத்த தலைமுறைக்கு இறங்கியது என்பது சாதாரணச் செய்தியல்ல.

'இந்தியானா' ஒரு கிழட்டுக் கர்னலை மணந்த இளம்பெண்ணின் கதை. சட்டம் உங்களை என் எஜமானராக்கியிருக்கலாம், என் மனத்தை உங்களால் ஆள முடியாது என்ற பொருளில் அவள் கணவனிடம் பேசும் இடம் அந்த நாவலின் உயிர்நிலை. அதே நாவலில் அவளைக் காதலிக்கும் ரேமோன் நல்ல பேச்சாளன், நாகரிகமானவன், அவளைக் கைவிடுபவன். கணவனிடமிருந்து தப்பிக் காதலனிடம் போனால் விடுதலை என்ற எளிய சூத்திரத்தை, தாமே அப்படிப் போயிருந்த சாந்த், முதல் நாவலிலேயே நம்ப மறுக்கிறார். அவரைக் காதல் வெறி கொண்ட பெண்ணாகச் சித்திரிப்பவர்கள் 'இந்தியானா'வைப் படித்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

மியூசேயை அவர் 1833 ஜூனில் ஒரு விருந்தில் சந்தித்தார். அவருக்கு 28, கவிஞருக்கு 22. அவ்வாண்டு டிசம்பரில் இருவரும் இத்தாலிக்குப் புறப்பட்டார்கள். வெனிஸில் முதலில் சாந்த் நோய்வாய்ப்பட்டார். மியூசே அவரை விட்டுவிட்டு நகரத்துக் கேளிக்கைகளைத் தேடிப் போனார். பிறகு மியூசே கடும் காய்ச்சலில் விழுந்தார். சாந்த் இரவு பகலாகப் பணிவிடை செய்தார். வைத்தியத்துக்கு வந்த இளம் மருத்துவர் பியெத்ரோ பஜெல்லோவுடன் அவருக்குக் காதல் ஏற்பட்டது. 1834 மார்ச் இறுதியில் மியூசே தனியே பாரீஸ் திரும்பினார். 1835 மார்ச்வரை இருவரும் சேர்வதும் பிரிவதுமாக ஒருவரையொருவர் வதைத்துக்கொண்டார்கள்.

பிரெஞ்சு இலக்கிய வரலாறு சலிக்காமல் சொல்லும் கதை இது. மியூசே 1836-ல் இதை நாவலாக்கினார். அவர் இறந்தபின் 1859-ல் சாந்த் 'அவளும் அவனும்' எழுதினார். அதே ஆண்டு மியூசேயின் அண்ணன் 'அவனும் அவளும்' என்று பதில் நாவல் எழுதினார். 1999-ல் அது திரைப்படமாகவும் வந்தது. இவற்றில் பெரும்பாலும் விடுபடுவது வெனிஸில் சாந்த் செய்த வேலை. அங்கிருந்த ஏழு மாதங்களில் 'லெயோனே லெயோனி', 'ழாக்' என்ற நாவல்களையும், 'ஒரு பயணியின் கடித'ங்களில் முதற் பகுதிகளையும் அவர் எழுதினார். பாரீஸில் பதிப்பாசிரியர் பூலோஸிடம் முன்பணம் வாங்கியிருந்தார். விடுதிக்கும் மருந்துக்கும் காசு வேண்டும். ஒரு நாள் முழுக்க உழைத்துத் தான் பத்து வரிக் கவிதையும் ஒரு புட்டி பிராந்தியும் முடித்தபோது, அவள் ஒரு லிட்டர் பால் குடித்துவிட்டுப் பாதிப் புத்தகம் எழுதி முடித்திருந்தாள் என்று மியூசே சொன்னதாக ஒரு வேடிக்கைக் கதை வழங்குகிறது. கதையைச் சொல்பவர்கள் சிரிப்பது பால் குடித்தவளைப் பார்த்து. கவிஞன் காதலில் அழிய வேண்டும். எழுதித் தள்ளும் பெண்ணிடம் உண்மையான உணர்ச்சி இருக்காது என்பது அதன் உட்பொருள். பால் குடித்துவிட்டு எழுதிய கைதான் அந்த வீட்டு வாடகையைக் கொடுத்தது.

1835-ல் வந்த காதல் குடியரசுவாத வழக்கறிஞர் மிஷேல் த பூர்ழ். அவரும் மணமானவர். அவர்தான் சாந்த்தின் பிரிவு வழக்கை நடத்தினார். கணவர் தரப்பு மனைவியின் ஒழுக்கத்தையே குற்றச்சாட்டாக வைத்தது. 1836-ல் ஏற்பட்ட உடன்பாட்டில் நொஆன் மீண்டும் சாந்த்தின் கைக்கு வந்தது. மறு ஆண்டு கஸிமீர் மகளைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டார். சாந்த் பிரான்ஸின் தென்மேற்குக்கு விரைந்து, அங்கிருந்த துணை ஆட்சியரின் உதவியுடன் மகளை மீட்டார். அந்த இளம் அதிகாரியின் பெயர் ஓஸ்மான். பின்னாளில் பாரீஸை இடித்துக் கட்டியவர். பட்டியலில் ஒரு காதலர் பெயராக மட்டும் வரும் இந்த ஆண்டுகள் உண்மையில் ஒரு பெண் தன் வீட்டையும் குழந்தைகளையும் திரும்பப் பெற்ற ஆண்டுகள்.

ஷோப்பானுக்கு வருவோம். 1838-ல் தொடங்கிய அந்த உறவு ஒன்பது ஆண்டுகள் நீடித்தது. முதல் குளிர்காலத்தைக் குழந்தைகளுடன் மயோர்க்கா தீவில் கழித்தார்கள். ஷோப்பானுக்கு இருமலும் இரத்தமும். காசநோய் தொற்றிவிடும் என்று அஞ்சிய வீட்டுக்காரர் அவர்களை வெளியேற்றியதோடு, சுவர்களுக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்கும் செலவையும் கேட்டார். பிறகு வால்தெமோஸாவில் கைவிடப்பட்ட துறவிமடத்தின் அறைகளில் தங்கினார்கள். பாரீஸிலிருந்து வந்த பியானோ சுங்கச்சாவடியில் சிக்கியது. ஷோப்பான் தம் 'பிரெலூட்' வரிசையை அங்கே முடித்தார். அதே அறைகளில் சாந்த் சமையலையும் குழந்தைகளின் பாடத்தையும் நோயாளியையும் கவனித்துக்கொண்டு, 'ஸ்பிரிதியோன்' நாவலை முடித்து, 'லேலியா'வைத் திருத்தி எழுதினார். பின்பு நொஆனில் ஏழு கோடைகள். ஷோப்பானின் முதிர்ச்சியான படைப்புகளில் பெரும்பகுதி அந்த வீட்டின் அமைதியில் பிறந்தது. சாந்த்தின் 'கொன்சுவேலோ'வும் 'பேய்க் குளம்' என்ற கிராமியக் கதையும் இதே காலத்தவை.

முறிவுக்குக் காரணம் இன்னொரு பெண்ணோ ஆணோ இல்லை. 1847-ல் மகள் ஸொலான்ழ் சிற்பி க்ளெஸாங்ழேயை மணந்ததைத் தொடர்ந்து எழுந்த குடும்பச் சண்டையில் ஷோப்பான் மகள் பக்கம் நின்றார். 1848 மார்ச்சில் ஒரு நண்பர் வீட்டு மாடிப்படி அருகே தற்செயலாகச் சந்தித்தபோது, ஸொலான்ழுக்குக் குழந்தை பிறந்திருக்கும் செய்தியை ஷோப்பான்தான் அவருக்குச் சொன்னார். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை. மறு ஆண்டு அக்டோபரில் ஷோப்பான் இறந்தார்.

இங்கே சாந்த் மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளை மறைக்க வேண்டியதில்லை. 1846-ல் வந்த 'லுக்ரேஸியா ஃப்ளோரியானி' நாவலின் பொறாமை பிடித்த இளவரசன் கரோலில் ஷோப்பானின் சாயல் உண்டு என்று அன்றே நண்பர்கள் பேசிக்கொண்டார்கள். உடன் வாழும் நோயாளியைக் கதையில் வைத்தது கொடுமையா என்றால், ஆம், ஓரளவு கொடுமைதான். மகளுடன் அவருக்கிருந்த உறவும் கடைசிவரை சீராகவில்லை. ஆனால் மியூசே சாந்த்தை நாவலில் வைத்தால் அது ஒரு தலைமுறையின் வாக்குமூலம், சாந்த் ஷோப்பானை வைத்தால் அது துரோகம் என்ற இரட்டை அளவுகோல்தான் ஏற்க முடியாதது.

இன்னொரு நிகழ்ச்சி. 1851-ல் போலந்து எல்லையில் பயணம் செய்துகொண்டிருந்த இளைய அலெக்ஸாந்த்ர் துய்மா, சாந்த் ஷோப்பானுக்கு எழுதிய கடிதக் கட்டைக் கண்டார். ஷோப்பானின் சகோதரி, ருஷ்யச் சோதனைக்கு அஞ்சி, அதை எல்லையில் நண்பர்களிடம் விட்டுச் சென்றிருந்தார். துய்மா அவற்றைச் சாந்த்திடம் சேர்த்தார். சாந்த் அவற்றை எரித்துவிட்டார். மியூசேயுடனான கடிதங்களையோ வருங்காலத்துக்காகப் பாதுகாத்தார். 1854-55-ல் 'லா பிரெஸ்' நாளேட்டில் அவருடைய தன்வரலாறு தொடராக வந்தபோது, காதல் ரகசியங்களை எதிர்பார்த்த வாசகர்கள் ஏமாந்தார்கள். அதில் பெரும்பகுதி தந்தை, பாட்டி, தாய் ஆகியோரின் கதை; காதலர்கள் நண்பர்களைப்போல் வந்து போகிறார்கள். தம் வாழ்வில் பங்குகொண்டவர்களை அம்பலப்படுத்த மாட்டேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். தம் காதல்களில் எது பொதுவெளிக்கு, எது அடுப்புக்கு என்று அவரே பிரித்துவைத்தார். ஆராய்ச்சியாளருக்கு இது இழப்பு. ஒரு வாசகனாக எனக்கு அந்த எரிப்பில் ஒரு நியாயம் தெரிகிறது. பாதிப் பாரீஸ் தன் படுக்கையறையை எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ஓர் அறையையாவது சாத்திக்கொள்ளும் உரிமை உண்டு.

நான் முன்னுக்குக் கொண்டுவர விரும்பும் பெயர் அலெக்ஸாந்த்ர் மான்ஸோ. 1817-ல் பிறந்த செதுக்கோவியர், மகன் மொரீஸின் நண்பர், வசதியற்ற குடும்பம், சாந்த்தைவிட 13 வயது இளையவர். 1849-ன் இறுதியில் நொஆனுக்கு விருந்தாளியாக வந்தவர் 1850 முதல் சாந்த்தின் துணைவரானார். 1865-ல் இறக்கும்வரை, 15 ஆண்டுகள், அவருடன் வாழ்ந்தார். ஷோப்பானைவிட நீண்ட உறவு. மியூசேயுடன் கழிந்த காலத்தைப்போல் ஏழெட்டு மடங்கு. ஆனாலும் பல அறிமுகக் குறிப்புகளில் இவர் பெயரே இருக்காது. 2010-ல் எவ்லின் ப்ளொக்-தானோ இவரைப் பற்றித் தனி நூலே எழுதிய பிறகும் பொதுநினைவில் பெரிய மாற்றமில்லை.

மான்ஸோ என்ன செய்தார்? 1852 முதல் ஒவ்வொரு நாளும் நாட்குறிப்பு எழுதினார். அன்றைய வானிலை, யார் வந்தார்கள், இரவு உணவுக்குப் பின் என்ன விளையாடினார்கள், 'மேடம்' என்ன எழுதினார், எந்த நூலை முடித்தார். பிரிவின் துயரத்தையும் பொறாமையின் சூட்டையும் தேடுபவர்களுக்கு அந்தக் குறிப்புகளில் ஒன்றும் கிடைக்காது. 1857-ல் கார்ழிலெஸ் கிராமத்தில் அவர் ஒரு சிறு வீடு வாங்கினார். அங்கே கிடைத்த ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் பெயரான 'அல்ழிரா' என்பதையே அந்த வீட்டுக்கு வைத்தார்கள். சாந்த் அங்கே போய்த் தங்கி எழுதினார். ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதில்கூடத் தன்னை முழுமையாகச் செலுத்துபவர் என்று உறவின் தொடக்கத்திலேயே மான்ஸோவைப் பற்றிச் சாந்த் தம் பதிப்பாளர் எத்ஸெலுக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதுவரை எல்லா நோயாளிகளுக்கும் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவர். தமக்கு ஒருவர் கொண்டுவருவதைக் கண்டு அவர் வியந்ததில் வியப்பில்லை. 'பைக்குழல் கலைஞர்கள்' என்று பெயர்க்கத்தக்க 'லெ மேத்ர் ஸொனேர்' என்ற அருமையான நாவலும், தன்வரலாற்றின் நிறைவும், 1864-ல் ஒதெயோன் அரங்கில் பெருவெற்றி பெற்ற 'மார்க்கி த வில்மேர்' நாடகமும் இந்த ஆண்டுகளின் விளைச்சல்.

1863-ன் இறுதியில் மொரீஸ், மான்ஸோ வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்றான். சாந்த்துக்கு உயிருக்குயிரான மகன். அவருடைய காதல்கள் அத்தனையிலும் மகனே எப்போதும் முதலிடம் பெற்றிருந்தான். இம்முறை 59 வயதில், சட்டத்தோடு போராடி மீட்ட நொஆனை மகனிடம் விட்டுவிட்டு, மான்ஸோவுடன் தாமே புறப்பட்டார். 1864 கோடையில் பாரீஸுக்குத் தெற்கே பலேஸோவில் சிறிய வீட்டில் குடியேறினார்கள். மான்ஸோவுக்கும் காசநோய். ஓராண்டு பணிவிடைக்குப் பின் 1865 ஆகஸ்ட் 21 அன்று அவர் இறந்தார். சாந்த்தின் வாழ்க்கையில் மிகத் துணிச்சலான காதல் முடிவு எது என்று என்னைக் கேட்டால் வெனிஸ் பயணத்தைச் சொல்ல மாட்டேன். பலேஸோவுக்குப் போனதையே சொல்வேன். வெனிஸுக்குப் போகும்போது அவர் இழக்க வேண்டியிருந்தது கொஞ்சம் மானம் மட்டுமே.

இந்தக் காதல் ஏன் கதையாகவில்லை? மான்ஸோ மேதையில்லை என்பது ஒரு காரணம். பெண்ணின் வாழ்க்கைக்கு ஒளி ஆணின் புகழிலிருந்தே வர வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். மற்றொரு காரணம் நம் ரசனை. காதல் இலக்கியமாக வேண்டுமானால் அது சிதைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு பெண் இரவெல்லாம் நிம்மதியாக எழுதுகிறாள், பக்கத்து அறையில் ஒருவர் செப்புத்தகடு செதுக்கிக்கொண்டிருக்கிறார் என்பதில் நாடகம் இல்லை. ஆனால் எழுத்தாளர் ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய பேறு அதுவாகத்தான் இருக்கும். ஆண் எழுத்தாளர்களில் பலருக்கு அவர்களுடைய மனைவியர் ஓசையின்றி அளித்து வந்தது இதைத்தான். அதனாலேயே அதற்கு மதிப்புப் போடவும் நாம் பழகவில்லை.

சாந்த்தை இக்காலப் பெண்ணியத்தின் முன்னோடிச் சிலையாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 1848 புரட்சியின்போது 'பெண்களின் குரல்' பத்திரிகையைச் சேர்ந்தவர்கள் அவரைத் தேர்தல் வேட்பாளராக முன்மொழிந்தபோது, கடுமையான சொற்களால் மறுத்தார். திருமணத்தில் கணவனுக்கு அடங்கியவளாக இருக்கும்வரை பெண் எப்படிச் சுதந்திரமான அரசியல் பிரதிநிதியாக முடியும், முதலில் குடிமைச் சட்டத்தை மாற்றுங்கள் என்பது அவருடைய வாதம். வாதத்தில் பொருள் இருந்தது. அந்தப் பெண்களிடம் அவர் காட்டிய ஏளனத்தில் இல்லை. 1871-ல் பாரீஸ் கம்யூனையும் அவர் வெறுத்தார். முரண்பாடுகளும் பிடிவாதமும் உள்ள ஒரு பெரிய எழுத்தாளர் அவர். அப்படி இருக்கும் உரிமையை அவருக்கும் கொடுப்போம்.

போதலேர் அவரை மிகக் கீழான சொற்களால் ஏசினார். நீட்சே பால்மாடு என்றார். ஆனால் நாவலின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாட்கணக்கில் தவமிருந்த ஃப்ளோபேர், எழுத்தில் அவருக்கு நேரெதிரான அந்த மனிதர், கடைசிப் பத்தாண்டுகள் அவருடைய நெருங்கிய நண்பராக இருந்தார். கலை பற்றி இருவரும் சளைக்காமல் கடிதங்களில் சண்டையிட்டார்கள். 'ஓர் எளிய உள்ளம்' கதையைச் சாந்த்துக்காகவே தொடங்கியதாகவும், பாதி எழுதும்போதே அவர் இறந்துவிட்டதாகவும் ஃப்ளோபேர் பின்னர் மொரீஸுக்கு எழுதினார். 1876 ஜூனில் நொஆனில் நடந்த இறுதிச் சடங்கில் நின்று அழுதவர்களில் அவரும் ஒருவர். காதலர் பட்டியலில் ஃப்ளோபேருக்கு இடமில்லை. சாந்த்தின் எழுத்து வாழ்க்கையை எழுதுகிறவர் அவருக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்க வேண்டியிருக்கும்.

சாந்த்தைப் புதிதாக வாசிக்க விரும்புகிறவர்கள் 'இந்தியானா'வில் தொடங்கலாம். அடுத்து 'பேய்க் குளம்'. ஒரே மாலையில் படித்துவிடக்கூடிய சிறிய நூல். பிறகு துணிவிருந்தால் தன்வரலாறு. வாழ்க்கைச் சரிதங்களை அதற்குப் பின் எடுத்துக்கொள்ளலாம். அப்போது ஷோப்பானின் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடாமல், நொஆனின் நாட்குறிப்புகள் தொடங்கும் பக்கம்வரை பொறுமையாக வர வேண்டும். அவருடைய வாழ்வின் நல்ல பகுதி அங்கேதான் இருக்கிறது.